காவியும் சுண்ணாம்பும்

பட்டாளத்தில் எது நடந்தாலும் அது பார்ட் டூ ஆர்டரில் ஏற வேண்டும். கல்யாணம், பிள்ளைப்பேறு, பதவி உயர்வு, சாவு எல்லாமே அதில் ஒரே மாதிரி இரண்டு வரிதான். யூனிட் ஆபீஸில் கிளார்க் அடித்து, அதிகாரி கையெழுத்துப் போட்டு, ரெஜிமென்ட்டின் ரெக்கார்டு ஆபீஸுக்குப் போகும். அங்கே பதிவான பிறகுதான் ஒரு சிப்பாய்க்குப் பெண்டாட்டி உண்டு, பிள்ளை உண்டு, அம்மா இல்லை என்பதெல்லாம் அரசாங்கத்துக்குத் தெரியும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ரெக்கார்டு ஆபீஸ் இருப்பது வெலிங்டனில். குப்வாராவில் இருந்தாலும் அருணாசலத்தில் இருந்தாலும் தம்பிகளின் காகிதம் நீலகிரிக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்களை மற்ற பட்டாளத்தார் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள், ஐம்பது வயது சுபேதாராக இருந்தாலும்.

நாங்கள் வெலிங்டனிலேயே குடியிருந்த காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று காகிதங்கள் அந்த ஆபீஸுக்குப் போயின. மாமியார் இறந்தது ஒன்று. என் வீட்டுக்காரர் நாயக்கிலிருந்து ஹவில்தார் ஆனது ஒன்று. எங்கள் மகள் பிறந்தது ஒன்று. 2021 பொங்கலுக்கும் 2022 சித்திரைக்கும் நடுவில் இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டது.

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு வெலிங்டன் என்றால் மலை ரயிலில் குன்னூருக்கு அடுத்து வரும் ஸ்டேஷன். குன்னூர் வரைக்கும் பல்சக்கரம் பிடித்து நீராவி எஞ்சின் தள்ளிக்கொண்டு வரும். அங்கே டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். வண்டி வெலிங்டனில் நின்றது தெரியாமல் நின்று அரவங்காட்டுக்குக் கிளம்பிவிடும். சுற்றுலாக்காரர் யாரும் இறங்கமாட்டார்கள், இறங்கினாலும் பார்க்க விடமாட்டார்கள். ஏறத்தாழ 6,000 அடி உயரம். வெள்ளைக்காரன் 1850களில் தன் சிப்பாய்கள் வெயிலில் சாகாமல் இருக்கக் கட்டிய பேரக்ஸ், அதைச் சுற்றி வளர்ந்த கன்டோன்மென்ட். அதற்கு முன்னால் இந்த இடத்துக்கு ஜக்கதளா என்று பெயர். அந்தப் பெயரில் படுகர்களின் ஊர் இன்னமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு பக்கம் முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜ். இன்னொரு பக்கம் மெட்ராஸ் ரெஜிமென்ட்டல் சென்டர், அதாவது தென்மாநிலத்துப் பையன்களைப் பிடித்து வந்து சிப்பாயாக்கும் இடம். ஸ்டாஃப் காலேஜ் பக்கம் பங்களாவும் ரோஜாத் தோட்டமும் இருக்கும். நாங்கள் இருந்தது ஃபேமிலி லைன். வரிசையாகக் குவார்ட்டர்ஸ். மேல் வரிசையில் நின்றால் கீழ் வரிசையின் கூரைமேல் காய்கிற மிளகாய் வற்றல் தெரியும். வற்றல் அங்கே ஒருநாளும் முழுசாகக் காய்ந்ததில்லை என்பது வேறு விஷயம்.

என் வீட்டுக்காரர் சென்டரில் உஸ்தாத். ரெக்ரூட்டுகளுக்குத் துப்பாக்கியும் டிரில்லும் சொல்லிக்கொடுக்கிற வேலை. அதற்கு முன் கல்யாணமாகி மூன்று வருஷம் நான் ஊரிலும் அவர் எல்லையிலும். வேலூருக்குத் தெற்கே கணியம்பாடிப் பக்கம் எங்கள் ஊர். அடுத்த ஊரான கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒரு ஆளாவது பட்டாளத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை லீவில் எப்போது வருவார் என்று கேட்டுத்தான் முகூர்த்தம் குறிப்பார்கள். அதனால் வெலிங்டன் போஸ்டிங் வந்தபோது எனக்கு அது மலை வாசம் மாதிரித் தோன்றவில்லை. புருஷனோடு ஒரே வீட்டில் இருப்பதே போதுமாக இருந்தது.

அத்தை, அதாவது என் மாமியார், பொங்கலுக்கு வந்தாங்க. கொரோனா முதல் அலை ஓய்ந்து பஸ் எல்லாம் ஓடத் தொடங்கியிருந்தது. வந்து இறங்கிய அன்றைக்கே தீர்ப்பு சொல்லிட்டாங்க: "இன்னாம்மா இது, ஐஸ் பொட்டிக்குள்ள குடுத்தனம் பண்ற மாதிரி கீது." இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் மகனுடைய பழைய பட்டாளத்து ஜெர்சி, தலையில் மஃப்ளர். அந்தக் கோலத்தில் விடியற்காலை வாசல் தெளிக்க நின்றபோது கீழே கிரவுண்டிலிருந்து சத்தம் வந்தது. நூறு இருநூறு பையன்கள் சேர்ந்து "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று கத்துகிறார்கள். அத்தை வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தாங்க. "யாரையோ போட்டு அடிக்கிறாங்கடா, போய்ப் பாருடா." அது ரெஜிமென்ட்டின் போர் முழக்கம், தினமும் கத்துவார்கள் என்று புரியவைக்க அவருக்குக் காபி ஆறிவிட்டது. மறுநாளிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால்தான் அத்தைக்குக் கோலமாவு டப்பா ஞாபகம் வரும்.

பொங்கலன்று கோலத்துக்குச் செம்மண் வேண்டும் என்றாங்க. காவிக் கரை போடாத கோலம் எங்கள் பக்கம் கோலமே இல்லை. அந்த மலையில் கறுப்பு மண்ணும் தேயிலையும்தான் கண்ணில் பட்டது, காவிக்கட்டிக்கு எங்கே போவது? நான் முழித்துக்கொண்டிருந்தேன். அத்தை கதவைத் திறந்துகொண்டு போனாங்க. பட்டாளத்து இடம் எதைப் பார்த்தாலும் பாதையோரத்துச் செங்கல், மரத்தின் அடி, பூத்தொட்டி எல்லாவற்றுக்கும் காவியும் சுண்ணாம்பும் மாற்றி மாற்றி அடித்திருப்பார்கள். கேரு, சூனா என்பார்கள். ஏதோ இன்ஸ்பெக்‌ஷன் வரப்போகிறதென்று ரெக்ரூட்டுகள் நாலைந்து பேர் டின்னும் பிரஷ்ஷுமாக எங்கள் லைன் படிக்கட்டில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை ஒரு கிண்ணத்தை நீட்டி அதில் கேரு வாங்கிட்டு வந்துட்டாங்க. அந்தப் பையன்களில் ஒருவன் தெலுங்கு, ஒருவன் மலையாளம். அத்தைக்குத் தமிழ் தவிர ஒன்றும் தெரியாது. எப்படிக் கேட்டாங்க என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பதிலுக்கு ஆளுக்கு ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் போனது. சாயங்காலம் லைனைச் சுற்றிவந்த சுபேதார் எங்கள் வாசலைப் பார்த்து நின்றார். கேரு அரசாங்கச் சொத்து. இவர் அட்டென்ஷனில் நிற்கிறார். சுபேதார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கரை நேரா இருக்கு. உன் ரெக்ரூட்டுக்கு இத மாதிரி அடிக்கச் சொல்லிக்குடு" என்று போய்விட்டார்.

குளிர் தாங்காமல் மாசி பிறக்கும் முன்பே ஊருக்குக் கிளம்பிட்டாங்க.

இரண்டாம் அலையில் போயிட்டாங்க. மே மாதக் கடைசி. ஊரில் காய்ச்சல் என்று இரண்டு நாள் கஷாயம் குடித்து, மூன்றாம் நாள் மூச்சு வாங்கி, வேலூரில் படுக்கைக்கு அலைந்து, கிடைத்த இடத்தில் வைத்துப் பார்த்து முடியவில்லை. அதற்கு நான்கு வருஷம் முன்பு மாமனார் இறந்தபோது இவர் வடக்கே இருந்தார். பாதை பனியில் மூடியிருந்து, மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார். அப்போது அத்தை அழுதுகொண்டிருந்த மகனிடம், "போனவரு போய்ட்டாரு, இருக்கிற லீவ கரும காரியத்துக்கு வெச்சிக்க" என்று சொன்னதை ஊரே பேசும். இந்த முறை நாங்கள் அதே தமிழ்நாட்டில் இருந்தோம். லீவு உடனே கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊரடங்கு. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பதிவு செய்ய வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் நோயா, இறப்பா என்று கேட்டது. நோய் என்று அழுத்திக் கிளம்பினோம். மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் போன் வந்துவிட்டது.

சுமார் நானூறு கிலோமீட்டர், கடன் வாங்கிய காரில், காலியான ரோட்டில் போனோம். சோதனைச் சாவடிகளில் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துச் சல்யூட் அடித்து வழிவிட்டார்கள். ஒவ்வொரு சல்யூட்டுக்கும் அவர் பதில் சல்யூட் வைத்தார், பழக்க தோஷம். உடலைக் கட்டிப் பொட்டலமாகத்தான் கொடுத்தார்கள். முகம் பார்க்க முடியவில்லை. குளிப்பாட்டவில்லை, மாலை போடவில்லை, வாய்க்கரிசி இல்லை. கவச உடை போட்ட நாலு பேர் இறக்கிவிட்டுப் போனார்கள். தூரத்தில் நின்று பார்த்தோம். அந்த மாதத்தில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டுக்கு இதேதான் நடந்தது, எங்களுக்கு மட்டும் தனியாக எழுத ஒன்றுமில்லை.

திரும்பி வந்ததும் அவரைப் பதினாலு நாள் தனியாக வைத்துவிட்டார்கள். வேலைக்குப் போன முதல் நாள் கிளார்க் பார்ட் டூ ஆர்டருக்காக இறப்புச் சான்றிதழ் கேட்டார். கொடுத்தோம். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. பதிவில் அத்தையின் பெயர் ஆங்கிலத்தில் எல் எழுத்தோடு முடிகிறது, சான்றிதழில் அந்த எழுத்து இல்லை. இவர் பட்டாளத்தில் சேர்ந்த அன்று யாரோ எழுதியது ஒன்று, ஆதார் எடுக்க வந்த பையன் எழுதியது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கி, தாசில்தார் ஆபீஸ் நடந்து, ஐப்பசியில்தான் ஆர்டர் வெளியானது. அதுவரைக்கும் ரெக்கார்டு ஆபீஸ் கணக்கில் அத்தை உயிரோடுதான் இருந்தாங்க.

ஜூலைக் கடைசியில், நான் முழுகாமல் இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சாவு வீட்டில் இந்தச் செய்தியை எந்த முகத்தோடு சொல்வது? அவர் அப்போது இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருப்பார். சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான். காலையில் பார்த்தால் இம்மர்ஷன் ராடு போட்டு இரண்டு வாளி வெந்நீர் வைத்துவிட்டு, சரிவில் வழுக்குகிற படிகளுக்கெல்லாம் சாக்குத் துண்டு விரித்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த சமயத்தில்தான் பிரமோஷன் கேடர் வந்தது. நாயக் ஹவில்தார் ஆக வேண்டுமென்றால் சீனியாரிட்டி மட்டும் போதாது. டிரில், ஆயுதம், துப்பாக்கிச் சுடுதல், மூட்டையும் ரைஃபிளுமாக ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், ஒன்பதடிப் பள்ளம் தாண்டல், கயிறு ஏறல் இதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேப் ரீடிங் மட்டும் இடறியது. நான் பி.எஸ்ஸி. கணிதம். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு பால் கணக்குக்கும் கேண்டீன் பில்லுக்கும்தான் உதவிக்கொண்டிருந்தது. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் தரையில் மேப் ஷீட்டை விரித்து, நாலு மூலைக்கும் கிண்ணம் வைத்து உட்காருவோம். ஆறு இலக்க கிரிட் ரெஃபரன்ஸ், முதலில் கிழக்கே எண்ண வேண்டும், பிறகு வடக்கே. இவர் ஒவ்வொரு முறையும் வடக்கிலிருந்து தொடங்குவார். பேக் பியரிங் என்று ஒன்று. ஒரு இடத்திலிருந்து மலை 70 டிகிரியில் தெரிகிறது என்றால், மலையிலிருந்து அந்த இடம் 250 டிகிரி. 180க்குக் குறைவாக இருந்தால் 180 கூட்டு, அதிகமாக இருந்தால் 180 கழி. இதை நான் வாந்தி எடுத்துவிட்டு வந்து வந்து சொல்லிக்கொடுத்தேன். கான்டூர் கோடு நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் லேசான சரிவு என்பதை மட்டும் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார், ஜன்னலைத் திறந்து எதிர்மலையைக் காட்டி. அத்தை போன பிறகு அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியது அந்த மேப் ஷீட்டின் முன்னால்தான்.

பாஸ் பண்ணினார். வேகன்சி வந்து, நவம்பரில் மூன்றாவது ஃபீத்தி கிடைத்தது. சட்டைக் கையில் தைக்கிற வி வடிவப் பட்டைக்கு ஃபீத்தி என்று பெயர். லான்ஸ் நாயக்குக்கு ஒன்று, நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று. கமாண்டிங் ஆபீசர் ஒரு கையிலும் சுபேதார் மேஜர் மறு கையிலும் வைத்த போட்டோவை மொபைலில்தான் பார்த்தேன். பிறகு பழைய சட்டைகளிலிருந்து இரண்டு ஃபீத்தியைப் பிரித்து எடுக்கும் வேலை என்னுடையது. பிளேடு முனையால் ஒவ்வொரு தையலாக அறுத்து எடுத்தால், அடியில் இருக்கும் துணி மட்டும் வெயில் படாமல் புதுசாக இருக்கும். மூன்று வருஷத்து காஷ்மீர் வெயிலும் வெலிங்டன் மழையும் படாத இரண்டு வி. புது ஃபீத்தி அதைச் சரியாக மூடவில்லை, ஓரத்தில் ஒரு நூல் அகலத்துக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்தது. பிரித்த பட்டைகளைப் பக்கத்து வீட்டுக் கொல்லத்துக்காரருக்குக் கொடுத்தோம், அவர் அடுத்த நாயக்.

பதவி உயர்வில் சம்பளம் ஏறும், சர்வீஸ் கொஞ்சம் நீளும். கூடவே யூனிட்டுக்குத் திரும்பிப் போகும் உத்தரவும் வரும் என்பது லைனில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு லட்டு வாங்கிக்கொண்டவர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மசக்கையில் எனக்கு வேறு எதுவும் இறங்கவில்லை, எங்கள் ஊர் முள்ளுக் கத்தரிக்காய்தான் கேட்டது. குன்னூர் மார்க்கெட்டில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பேரிக்காய், பிளம்ஸ் எல்லாம் கொட்டிக் கிடக்கும். வர்க்கி டின் டின்னாகக் கிடைக்கும். வேலூர்க் கத்தரிக்காய் மட்டும் கிடைக்காது. லீவு முடிந்து வருகிற எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் டிரங்குப் பெட்டியில் யூனிஃபார்முக்கு நடுவில் வைத்து இரண்டு கிலோ கொண்டுவந்தான். அதைக் கடைந்து களியோடு சாப்பிட்ட அன்றுதான் வாந்தி நின்றது.

ஏழாம் மாதம் டிசம்பரில். வருஷம் திரும்பாத வீட்டில் வளைகாப்பு கூடாது என்று என் அம்மாவுக்கே தயக்கம். லைன் பெண்கள் கேட்கவில்லை. கொல்லத்துச் சேச்சி, ஸ்ரீகாகுளத்து அக்கா, குடகுக்காரி என்று ஆளுக்கொரு வழக்கம். எல்லாவற்றையும் சேர்த்து அந்த வாரக் கடைசியில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. டிசம்பர் 8, புதன்கிழமை. காலையிலிருந்தே மூடுபனி, கீழ் வரிசை தெரியவில்லை. மத்தியானம் சேச்சி வளையல் அளவு பார்க்க வந்திருந்தார். ஆம்புலன்ஸ் சத்தம் ஒன்று, இரண்டு என்று தொடங்கி நிற்காமல் போனது. முதலில் காட்டேரிப் பக்கம் பஸ் உருண்டுவிட்டது என்றார்கள். பிறகு ஹெலிகாப்டர் என்றார்கள். யார் அதில் என்று தெரிந்தபோது லைன் முழுக்க டிவி சத்தம்தான்.

சூலூரிலிருந்து ஸ்டாஃப் காலேஜுக்கு வந்துகொண்டிருந்த முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா ராவத், கூட வந்தவர்கள் என்று 14 பேர். நஞ்சப்பசத்திரத்து மரங்களுக்கு நடுவில் விழுந்தது. அந்த ஊர்த் தோட்டத் தொழிலாளிகள் குடத்தில் தண்ணீர் கொண்டு ஓடி, தங்கள் வீட்டுப் போர்வையில் வைத்துத் தூக்கினார்கள். 13 பேர் அன்றைக்கே போய்விட்டார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒருவர் மட்டும் உயிரோடு வந்து, பெங்களூரில் 15ஆம் தேதி இறந்தார். எங்கள் லைன் பெண்களுக்கு ஜெனரலைவிட மதுலிகா அம்மாவைத்தான் மனதளவில் தெரியும். அவர் ஆர்மி வைவ்ஸ் வெல்ஃபேர் அசோசியேஷனின் தலைவியாக இருந்தவர். வெல்ஃபேர் மீட்டிங்கில் அவர் படத்தைப் பார்த்திருக்கிறோம். புருஷனோடு கிளம்பி வந்த பெண் என்பதே எங்களுக்கு அன்றைக்குத் தாங்கவில்லை.

அன்று இரவு இவர் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் எங்கள் சென்டர் மைதானத்தில்தான் மரியாதை. முதலமைச்சரும் அதிகாரிகளும் வந்து மலர்வளையம் வைத்தார்கள். பிறகு வண்டிகள் மலை இறங்கிச் சூலூருக்குப் போயின. வழியெல்லாம் ஜனங்கள் பூப்போட்டதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன் இரவு அந்த மைதானத்தில் மேசை வரிசை பிடித்து, வெள்ளைத் துணி விரித்து, மாலை அடுக்கியவர்களில் இவரும் ஒருவர். சாயங்காலம் வந்து பூட்ஸைக் கழற்றாமல் சேற்றோடு வாசற்படியில் உட்கார்ந்தார். "எத்தன மாலை வந்துது தெரியுமா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவுக்கு நான் ஒண்ணு கூடப் போடல." மே மாதத்துக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அன்றைக்கும் வந்திருந்த சேச்சி வளையல் பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் தன் வீட்டுக்குப் போனார்.

அந்த ஊர்க்காரர்களுக்குப் பட்டாளம் பிறகு போர்வை கொடுத்தது, மாதம் ஒருமுறை டாக்டரை அனுப்புவதாக அறிவித்தது. எத்தனையோ செய்தார்கள், எனக்குப் பிடித்தது அந்தப் போர்வைக்குப் போர்வை கொடுத்ததுதான்.

வளைகாப்பு ஒன்பதாம் மாதத்தில் நடந்தது. மேளம், ஜோடனை ஒன்றும் இல்லை. தமிழில் ஒரு பாட்டு, மலையாளத்தில் ஒரு பாட்டு, தெலுங்கில் ஆரத்தி, குடகுக்காரி கொண்டுவந்த பன்றிக்கறி மட்டும் தனியாக அடுத்த வீட்டில். புளியோதரை, தயிர்சாதம், எலுமிச்சை சாதம் எல்லாம் குளிரில் விறைத்துப் போனதால் ஆளுக்கு ஒரு தவா கொண்டுவந்து சூடாக்கினார்கள். வளையல் சத்தம் கேட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்த ஒரே வெளி ஆள் ஒரு காட்டெருமை. அது எங்கள் முட்டைக்கோஸ் பாத்தியைக் காலி செய்ய வந்தது. லைனில் காட்டெருமை வருவது பால்காரர் வருவது மாதிரி, கதவைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

மார்ச் முதல் வாரம் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். 1971 போரை நடத்திய ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா 2008 ஜூன் 27 அன்று இதே ஆஸ்பத்திரியில்தான் இறந்தார். வார்டில் யாராவது ஒருவர் இதைப் புது அம்மாக்களிடம் சொல்லாமல் விடமாட்டார்கள். பெரிய பெரிய சாவுக்குப் பேர்போன இடத்தில் தினமும் பிள்ளைகளும் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். என் பக்கத்துக் கட்டிலில் நாசிக்கிலிருந்து வந்த ஒரு பெண், எதிரே அஸ்ஸாம்காரி. எனக்குப் பிரசவம் பார்த்த நர்ஸிங் ஆபீசரம்மா கேப்டன். என் வீட்டுக்காரர் அவருக்கு விறைப்பாகச் சல்யூட் அடித்துவிட்டுத்தான் பிள்ளையை வாங்கினார். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

மூன்றாவது பார்ட் டூ ஆர்டருக்கு இந்த முறை நாங்கள் உஷார். பிறப்புச் சான்றிதழ் கன்டோன்மென்ட் போர்டில் வாங்கும்போதே என் பெயர், அவர் பெயர், இனிஷியல் எல்லாம் சர்வீஸ் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதிக் கொண்டுபோனார். இரண்டே வாரத்தில் ஏறிவிட்டது.

நாலாவது காகிதம் போஸ்டிங் ஆர்டர். ஏப்ரலில் யூனிட்டில் சேர வேண்டும், ஃபீல்டு ஏரியா. குடும்பம் கூட்டிப் போக முடியாது. குவார்ட்டர்ஸைக் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ள வழி இருந்தது. கைக்குழந்தையோடு அந்தக் குளிரில் தனியாக வேண்டாம் என்று நான்தான் ஊருக்குப் போகிறேன் என்றேன். குவார்ட்டர்ஸை ஒப்படைப்பது தனிச் சடங்கு. பட்டாளத்துக் கட்டடங்களைப் பராமரிக்கும் எம்இஎஸ் ஆள் பட்டியலோடு வந்து ஃபேன் எத்தனை, பல்ப் ஹோல்டர் எத்தனை, கதவுக் கொக்கி எத்தனை என்று எண்ணுவார். குறைந்தால் பேரக் டேமேஜ் என்று சம்பளத்தில் பிடிப்பார்கள். எங்களுக்குப் பின் ஜன்னல் கண்ணாடி ஒன்றுக்குப் பிடித்தார்கள். அது காட்டெருமை உடைத்தது. அதை எழுதுவதற்குப் பாரத்தில் இடம் இல்லை.

இப்போது மகளுக்கு நடை வந்து, பேச்சு வந்து, ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறாள். பிறந்த ஊர் எது என்று அங்கன்வாடியில் கேட்டால் வெலிங்டன் என்று எழுத வேண்டியிருக்கிறது. அது எந்த நாட்டில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டார்கள். அவர் லீவில் வரும்போது பேச்சு எப்படியும் அந்தப் பக்கம் போகும். அவருக்கு வெலிங்டன் என்றால் கேடர், எனக்கு மேப் ஷீட். இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது அத்தை ஜெர்சி போட்டுக்கொண்டு கிண்ணத்தை நீட்டியதுதான். அதை மட்டும் எந்த ஆர்டரிலும் யாரும் போடவில்லை.

பட்டாளத்து வீட்டுப் பெண்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வீட்டுக்காரர் அடுத்த முறை லீவில் வரும்போது அவருடைய சர்வீஸ் பதிவில் உங்கள் பெயர், பிள்ளைகள் பெயர், மாமனார் மாமியார் பெயர், பிறந்த தேதி எப்படி ஏறியிருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். ஆதாரோடும் பேங்க் பாஸ்புக்கோடும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தப்பு இருந்தால் இப்போதே திருத்தச் சொல்லுங்கள். அவர் சர்வீஸில் இருக்கும்போது அது எங்களுக்கு ஆன மாதிரி சில மாதத்து அலைச்சல். அவர் இல்லாத காலத்தில் பென்ஷனுக்கு நீங்கள் தனியாக நடக்கும்போது, அந்த ஒரு எழுத்துக்கு வருஷக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.